நட்டம் யாருடையது?

பிரித்தானியாவில் குடியேறி வாழும் நம்மவர்கள் காசு சம்பந்தமாகக் கேட்கும் கேள்வி அநேகமாக ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது: கூடுமா? ஜும்ஆ முடிந்து, பள்ளிவாசல் வாயிலில் சப்பாத்தைத் தேடி மாட்டிக்கொண்டே மௌலவியிடம் கேட்பார்கள். "ஹஸரத், இந்த ஐசாக் கணக்குக் கூடுமா?" "பிரீமியம் பொண்ட் எடுத்தாக் கூடுமா?" "கம்பனியில பென்ஷனுக்கு வெட்டுறாங்களே, அது கூடுமா?" பதிலும் அநேகமாக ஒரு சொல்தான். கூடும், அல்லது கூடாது. கேட்டவருக்கு மனம் ஆறிவிடும். அடுத்த வாரம் வேறொருவர் வேறொரு கணக்கோடு வருவார்.

இந்தக் கேள்வியை நான் இலேசாக எண்ணவில்லை. எந்த வங்கி எத்தனை வீதம் தருகிறது என்பதையே எல்லோரும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு சமூகத்தின் நடுவே, வீதத்தைப் பார்க்கும் முன்னர் வேறொன்றைப் பார்க்க வேண்டும் என்று ஒரு டாக்சிச் சாரதிக்கும் ஒரு மருந்துக்கடை ஊழியருக்கும் தோன்றுகிறதே, அது பெரிய விடயம். ஆனால், அந்த ஒரு சொல் பதிலோடு கேள்வி முடிந்துவிடுகிறதா என்பதுதான் என் ஐயம். வட்டி ஏன் விலக்கப்பட்டது என்ற விசாரணை அந்தப் பதிலுக்குள் வருவதில்லை. பெயர்ப்பலகையைப் பார்த்து உள்ளே போகிறோம், அல்லது திரும்பி வருகிறோம்.

முதலில் பேணுதலின் விலையைப் பேசுவோம். 2009 மார்ச் தொடக்கம் 2021 இறுதி வரை இங்கிலாந்து மத்திய வங்கியின் அடிப்படை வட்டி வீதம் ஒரு வீதத்தைத் தொடவே இல்லை. 2020 மார்ச்சிலிருந்து 0.1 வீதமாக இருந்தது. அந்தக் காலத்தில் வட்டியை ஒதுக்குவது எவருக்கும் பாரமாக இருக்கவில்லை. இருபதாயிரம் பவுண் வைத்திருந்தவருக்கு ஆண்டு முடிவில் வந்து சேர்ந்த தொகை ஒரு குடும்பச் சாப்பாட்டுச் செலவுக்கும் காணாது. பின்னர் 2023 ஓகஸ்டில் அதே வீதம் 5.25 ஆயிற்று. இப்போது அதே இருபதாயிரத்துக்கு ஐந்து வீதமென்றால் ஆண்டுக்கு ஆயிரம் பவுண். அதற்கு முந்திய 2022 ஒக்ரோபரில் பணவீக்கம் 11.1 வீதத்தைத் தொட்டிருந்தது. நடைமுறைக் கணக்கில் சும்மா கிடந்த காசு கண்முன்னே கரைந்துகொண்டிருந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில்தான் "கூடுமா" என்ற கேள்வி உண்மையில் கேட்கப்படத் தொடங்கியது என்று எனக்குப் படுகிறது. அதற்கு முன்னர் நாம் கேட்டதெல்லாம் செலவில்லாத கேள்வி.

வட்டி பணவீக்கத்தை விடக் குறைவாக இருக்கும்போது அது உண்மையில் ஆதாயமே இல்லையே, கரைந்ததில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுவதுதானே என்று படித்த இளைஞர்கள் வாதிடுகிறார்கள். வாதத்தில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆயினும் ஜித்தாவைத் தளமாகக் கொண்ட ஃபிக்ஹ் அகடமி 1988இலேயே இதை ஆராய்ந்து, கடனை அதன் எண்ணிக்கைப்படியே திருப்ப வேண்டும், விலைவாசியோடு இணைத்துக் கூட்ட முடியாது என்று முடிவு கூறிவிட்டது. மறுபுறத்தில், எகிப்தின் முப்தியாக இருந்த முஹம்மத் ஸையித் தன்தாவி 1989இல் அரசின் முதலீட்டுச் சான்றிதழ்களை ஆகுமாக்கினார். 2002இல் அல்அஸ்ஹரின் இஸ்லாமிய ஆய்வு அகடமி முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்ட இலாபத்தோடு வங்கிகளில் முதலிடுவதையும் ஏற்றது. உலமாக்களில் மிகப் பெரும்பான்மையோர் அதை ஏற்கவில்லை. நானும் அதன் பக்கம் நின்று வாதாட இங்கு வரவில்லை. "கூடுமா" என்பதற்குள்ளேயே இத்தனை தூரம் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இதைக் குறிப்பிட்டேன்.

பிரீமியம் பொண்ட் பற்றி ஓரிரு வார்த்தை. இது நம் மூத்தவர்களின் பெருவிருப்பம். 1956இல் ஹரோல்ட் மக்மிலன் நிதியமைச்சராக இருந்தபோது அறிவித்த திட்டம். முதலாவது சீட்டிழுப்பு 1957 ஜூனில் நடந்தது. அரசுக்குக் காசைக் கொடுத்து வைக்கிறோம், முதல் அப்படியே இருக்கும், வட்டி கிடையாது, மாதந்தோறும் குலுக்கலில் பரிசு விழலாம். "வட்டி இல்லைதானே தம்பி" என்பார்கள். வட்டி இருக்கிறது. எல்லோருக்கும் வரவேண்டிய வட்டியை ஒன்றாகச் சேர்த்து, அதிலிருந்துதான் சிலருக்குப் பரிசாகக் கொடுக்கிறார்கள். பரிசு நிதியே ஆண்டு வீதமாகத்தான் கணக்கிடப்படுகிறது. வட்டியும் சூதும் ஒரே உறைக்குள் இருந்தும் முதலுக்கு மோசமில்லை என்பதால் மனம் அதை மன்னித்துவிடுகிறது. முதலுக்கு மோசமில்லை என்ற அந்தச் சொற்றொடரைத்தான் இக்கட்டுரை பின்தொடரப் போகிறது.

2004இல் பேர்மிங்ஹாமைத் தலைமையிடமாகக் கொண்டு பிரித்தானிய இஸ்லாமிய வங்கி தொடங்கப்பட்டது. மேற்கு நாடொன்றில் முழுமையாக ஷரீஆ அடிப்படையில் பொதுமக்களுக்கெனத் திறக்கப்பட்ட வங்கி என்பதால் அப்போது அது பெரும் செய்தி. 2014இல் கத்தாரின் மஸ்ரப் அல்ரய்யான் அதை வாங்கி, அல்ரய்யான் வங்கி என்று பெயர் மாற்றியது. இத்தகைய வங்கிகளில் நிலையான வைப்பு வைத்தால் வட்டி வீதம் என்ற சொல் எங்கும் வராது. "எதிர்பார்க்கப்படும் இலாப வீதம்" என்பார்கள். வக்காலா ஒப்பந்தப்படி நாம் வங்கியை முகவராக நியமிக்கிறோம். அது வியாபாரத்தில் காசை இட்டு, வரும் இலாபத்தைத் தருகிறது. இலாபம் எதிர்பார்த்தபடி வராவிட்டால் நமக்கு அறிவிக்க வேண்டும். நடைமுறையில் சொன்ன வீதமே வழமையாகக் கிடைத்துவிடுகிறது. அந்த வீதமும் தெருக்கோடியிலுள்ள மற்ற வங்கிகளின் வட்டி வீதத்தோடு தோளோடு தோள் நடக்கிறது. வரித் திணைக்களத்துக்கு இந்தப் பெயர் வேறுபாடு ஒரு பொருட்டல்ல. 2005ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்திலிருந்து இந்த வருமானம் வட்டியைப் போலவே வரிக்கு உட்படுகிறது.

இதை வைத்துக்கொண்டு "எல்லாம் ஒன்றுதான், பெயர் மட்டும் அரபு" என்று ஏளனம் செய்வது மிக எளிது. கொழும்பிலும் அப்படி ஏளனம் செய்பவர்களைக் கண்டிருக்கிறேன். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. நோன்பு திறக்கத் தண்ணீர் குடிப்பதும் தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பதும் பார்வைக்கு ஒன்றுதான். ஒப்பந்தத்தின் வடிவம் மாறும்போது அதில் நிற்பவர்களின் பொறுப்பும் மாற இடமிருக்கிறது. மாறுகிறதா என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்கு 2004இல் ஒரு சுவையான சோதனை வந்தது.

பிரித்தானியச் சட்டப்படி ஒரு நிறுவனம் பொதுமக்களிடம் "வைப்பு" என்ற பெயரில் காசு வாங்கினால் முழுத் தொகையும் திருப்பித் தரப்பட வேண்டும். இது சந்தேகத்துக்கு இடமின்றி இருந்தாலே வைப்பு என்று ஆகும். ஆனால் முழாரபா முறையில் காசு கொடுத்தவர் இலாபத்தில் பங்கு பெறுவதற்குக் காரணமே, நட்டம் வந்தால் அதைத் தாங்க அவர் உடன்பட்டிருப்பதுதான். முதலுக்கு உத்தரவாதம் கொடுத்துவிட்டால் அது கடனாகிவிடும். கடனுக்கு மேல் வருவது வட்டியாகிவிடும். அப்போதைய நிதிச் சேவைகள் அதிகாரசபையும் வங்கியும் ஷரீஆ ஆலோசகர்களும் இதை மேசையில் வைத்துப் பேசினார்கள். கண்ட வழி இது: வைப்பாளருக்கு முழுத் தொகையையும் பெறும் சட்ட உரிமை உண்டு. நட்டம் ஏற்படும்போது, மார்க்கக் காரணத்துக்காக அந்த உரிமையை அவர் தாமாகவே விட்டுக்கொடுக்கலாம்.

இஸ்லாமிய நிதி பற்றி எழுதப்பட்ட தடித்த புத்தகங்கள் எல்லாவற்றையும் விட இந்த ஒரு வாசகம் என்னை அதிகம் யோசிக்க வைத்திருக்கிறது. பிரச்சினையை இரு தரப்பினரும் மிக நேர்மையாகக் கையாண்டார்கள். சட்டத்தால் தீர்க்க முடியாததைத் தனிமனிதனின் மனச்சாட்சியிடம் ஒப்படைத்துவிட்டார்கள். வங்கி நட்டப்பட்டு, உங்கள் முப்பதாயிரத்தில் ஆறாயிரம் போயிற்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு கடிதம் வருகிறது: முழுவதையும் பெற உங்களுக்கு உரிமை உண்டு, வேண்டாமென்றால் இங்கே கையொப்பமிடுங்கள். எத்தனை பேர் கையொப்பமிடுவோம்? நான் இடுவேனா? இலாபம் வரும் ஆண்டுகளில் வியாபாரப் பங்காளியாக இருந்த நான், நட்டம் வரும் ஆண்டில் கடன்காரனிடம் கணக்குக் கேட்பவனாக மாறிவிட்டால், அத்தனை ஆண்டும் நான் பெற்றது எது?

உத்தரவாதம் என்பது நட்டத்தை ஒழித்துவிடுவதில்லை. 2007 செப்ரெம்பரில் நோர்தன் ரொக் வங்கியின் வாசல்களில் மக்கள் வரிசையில் நின்றார்கள். 1866க்குப் பின்னர் பிரித்தானியா காணாத காட்சி அது. அந்நாளில் வைப்புக்கான பாதுகாப்பு முதல் இரண்டாயிரம் பவுணுக்கு முழுமையாகவும், அடுத்த முப்பத்து மூவாயிரத்துக்குத் தொண்ணூறு வீதமாகவும் இருந்தது. பின்னர் படிப்படியாகக் கூட்டி, 2025 டிசெம்பர் முதலாம் திகதியிலிருந்து ஒருவருக்கு ஒரு வங்கியில் 120,000 பவுண் வரை பாதுகாப்பு என்றாக்கியிருக்கிறார்கள். இஸ்லாமிய வங்கிகளின் வைப்புகளுக்கும் அதே பாதுகாப்பு உண்டு. 2008இல் ரோயல் பாங்க் ஒஃப் ஸ்கொட்லாந்து சரிந்தபோது அரசு அதற்குள் 45.5 பில்லியன் பவுண் இட்டது. கடைசிப் பங்கை 2025 மே மாதத்தில் விற்று முடித்தபோது ஏறத்தாழ பத்து பில்லியன் திரும்பவில்லை. வைப்பாளர் ஒருவருக்கும் ஒரு பென்சும் குறையவில்லை. குறைந்ததை வரி கொடுத்தவர்கள் எல்லோரும் தாங்கினார்கள், வங்கியில் சேமிப்பென்று ஒன்றுமே இல்லாதவர்கள் உட்பட. 2010இலிருந்து மூடப்பட்ட நூலகங்களையும் வெட்டப்பட்ட உதவித் தொகைகளையும் இதோடு மட்டும் முடிச்சுப் போட முடியாது. ஆனாலும் அந்தக் கணக்கில் இதற்கும் ஒரு வரி உண்டு.

வட்டியின் அநியாயத்தை விளக்கும்போது நம் உரைகளில் கொடிய வட்டிக்காரனும் ஏழை விவசாயியும் வருவார்கள். விளைந்தாலும் விளையாவிட்டாலும் கொடுக்க வேண்டும் என்பதே அந்த விவசாயியின் துயரம். நட்டம் முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. நகரத்துச் சேமிப்பாளர்களான நாம் இந்தச் சித்திரத்தில் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று கேட்பதில்லை. எனக்குத் தெரிந்தவரை நாம் வட்டிக்காரன் இருக்கும் பக்கத்தில்தான் இருக்கிறோம். கையில் தஸ்பீஹ் இருக்கிறது என்பது மாத்திரமே வித்தியாசம்.

இப்படி எழுதும்போதே இன்னொரு பக்கமும் மனதில் உறுத்துகிறது. நட்டத்தைத் தாங்க வேண்டும் என்று சொல்வது யாரிடம்? லண்டனின் புறநகர்களில் வாழும் நம்மவர்களிடையே 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டவர்கள் இருக்கிறார்கள். வட மாகாணத்திலிருந்து துரத்தப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் அவர்களும் அடக்கம். காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நடந்த ஒரு பெண்மணி, இன்று தன் காசை உத்தரவாதமுள்ள கணக்கில் வைக்கத் துடிப்பதைப் பார்த்து, "நட்டத்தில் பங்கெடுங்கள்" என்று எந்த வாயால் சொல்வது? அவர் வாழ்நாள் நட்டத்தை ஒரே மாலையில் தாங்கியவர். அவரைப் போன்றவர்கள் இன்னும் தங்கத்தைத்தான் நம்புகிறார்கள். நாம் நகையைப் பவுண் கணக்கில் எண்ணுவதே பிரித்தானியத் தங்க நாணயத்தின் எடையால் வந்த பழக்கம்தான். அந்த நாணயம் இன்றும் இங்கே சட்டபூர்வ நாணயமாக இருப்பதால், விற்று வரும் ஆதாயத்துக்கு மூலதன வரி இல்லை. சுற்றிச் சுற்றி அதே பவுணிடம் வந்து நிற்கிறோம்.

ஊருக்கு அனுப்பி வைத்தவர்களும் பாடம் படித்தார்கள். இலங்கை வங்கிகளில் கூடுதலாகக் கிடைக்கிறதே என்று ரூபாவில் வைத்தவர்களுக்கு 2022இல் என்ன நேர்ந்தது என்பதை ஊரிலிருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. டொலர் இருநூறிலிருந்து முந்நூற்று அறுபதுக்குப் பாய்ந்தபோது அவர்களுடைய சேமிப்பு வெளிநாட்டுப் பெறுமதியில் ஏறக்குறையப் பாதியாயிற்று.

நட்டத்தை ஏற்பது நன்மை என்றால் ஏமாறுவதும் நன்மையா என்று கேட்கலாம். 2019 ஜனவரியில் லண்டன் கப்பிற்றல் அன்ட் ஃபினான்ஸ் என்ற நிறுவனம் வீழ்ந்தபோது ஏறத்தாழ 11,600 பேரின் 237 மில்லியன் பவுண் அகப்பட்டுக்கொண்டது. பெரும்பாலானவர்கள் சாதாரணச் சேமிப்பாளர்கள். எட்டு வீதம் வரை வருமானம், ஐசாவுக்குள் வைக்கலாம் என்ற விளம்பரத்தை நம்பியவர்கள். அதே ஆண்டு ஜூனில் பெங்களூரில் "ஹலால் முதலீடு" என்ற பெயரில் ஐ.எம்.ஏ. நிறுவனம் திரட்டிய காசோடு அதன் தலைவர் நாட்டை விட்டே போனார். இழந்தவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள், வட்டிக்குப் பயந்தவர்கள். இங்கே எங்கள் வட்டாரத்திலும் ஒருவர் உணவகக் கிளைகள் திறக்கப் போவதாகச் சொல்லிப் பள்ளிவாசல் நண்பர்களிடம் காசு சேர்த்தார். கணக்குப் புத்தகம் காட்டுங்கள் என்று கேட்டவர்களிடம் "என்னில நம்பிக்கை இல்லையா காக்கா?" என்று கண் கலங்கினார். இரண்டு ஆண்டுகளில் கடையும் இல்லை, கணக்கும் இல்லை. பங்காளி என்றால் கணக்குக் கேட்கும் உரிமையும் கடமையும் உள்ளவர். கேட்க வெட்கப்பட்டுக் காசைக் கொடுப்பதை இங்கே பலர் தவக்குல் என்கிறார்கள். மார்க்கம் கடனைக் கூட எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறது.

ஓய்வூதியத்துக்கு வருகிறேன். இதைத்தான் நாம் மிகக் குறைவாகப் பேசுகிறோம், ஆனால் பெரும்பாலானோரின் மிகப் பெரிய சேமிப்பு இதுவே. இலங்கையின் ஊழியர் சேமலாப நிதியைப் போல, 2012 ஒக்ரோபர் முதல் இங்கே தொழில் செய்வோர் தாமாகவே ஓய்வூதியத் திட்டமொன்றில் சேர்க்கப்படுகிறார்கள். சம்பளத்தின் ஒரு குறித்த பகுதியில் குறைந்தது எட்டு வீதம் போகிறது. அதில் மூன்று வீதம் தொழில்தருநருடையது. எதுவும் தெரிவு செய்யாவிட்டால் காசு பொதுவான ஒரு நிதிக்குப் போகும். அதற்குள் வங்கிகள், கடன் முறிகள், மதுபானக் கம்பனிகள், ஆயுதக் கம்பனிகள் எல்லாம் இருக்கும். நடைமுறைக் கணக்கில் விழுந்த மூன்று பவுண் வட்டியை என்ன செய்வது என்று மௌலவியைத் தேடிப் போகும் ஒருவரின் பெயரில், அவரே திறந்து பார்க்காத உறைக்குள், நாற்பதாயிரம் பவுண் இப்படிக் கிடக்கும். இன்னும் சிலர், தெரிந்த மாத்திரத்தில் திட்டத்தை விட்டே விலகிவிடுகிறார்கள். தொழில்தருநர் தரும் மூன்று வீதமும் அவர்களுக்கு இல்லாமல் போகிறது. ஷரீஆ நிதி என்ற தெரிவு நெஸ்ட் போன்ற பெரிய திட்டங்களில் உண்டு. ஒரு படிவம் போதும்.

சரி, மாற்றியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். பங்குகளில் இடுவதால் நட்டத்தையும் தாங்குகிறோம். அந்த வகையில் வங்கி வைப்பை விட இது நான் மேலே சொன்ன நியாயத்துக்கு நெருக்கமானது. ஆனால் சல்லடையைப் பாருங்கள். மது, பன்றி, சூது, வட்டி, புகையிலை, ஆயுதம் ஆகிய தொழில்கள் விலக்கப்படும். பின்னர் கம்பனியின் கடன் அதன் சந்தைப் பெறுமதியில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கிறதா, ஆகாத வருமானம் ஐந்து வீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதில் தேறி முன்வரிசையில் நிற்பவை அமெரிக்கத் தொழில்நுட்பப் பெருங்கம்பனிகள். அவற்றுள் ஒன்று மைக்ரோசொப்ற். 2025 செப்ரெம்பரில் அந்தக் கம்பனி, பலஸ்தீன மக்களைப் பெருமளவில் கண்காணிக்கத் தன் சேமிப்புக் கணினிகள் பயன்பட்டன என்ற செய்தியின் பின்னர், இஸ்ரேலிய இராணுவப் பிரிவொன்றுக்கு வழங்கிய சில சேவைகளை நிறுத்தியது. அதுவரை வழங்கிக்கொண்டிருந்தது. அந்நேரமெல்லாம் அதன் பங்குகள் ஷரீஆ நிதிகளில் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. சல்லடை பிழை செய்யவில்லை, அது கேட்பதற்கென்று வைக்கப்பட்ட கேள்விகளைக் கேட்டது. காஸாவுக்காகக் குளிர்பானத்தைப் பகிஷ்கரித்த அதே கையால் இந்தப் படிவத்தில் கையொப்பமிட்டிருக்கிறோம். மாற்று என்ன என்று கேட்டால் என்னிடம் சுத்தமான நிதியொன்றின் பெயர் இல்லை. அறிக்கையை வாங்கி வாசிக்கும்படியும், நிதியை நடத்துபவர்களுக்குக் கடிதம் எழுதும்படியும்தான் சொல்ல முடியும். பங்குக்காரருக்கு அது உரிமை.

வீட்டைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. இரண்டாவது வீடொன்றை வாங்கி வாடகைக்கு விடுவதே ஆகப் பெரிய ஹலால் முதலீடு என்று நம்மவர்கள் எண்ணுகிறார்கள். வாடகை ஹலால்தான். அதே தெருவில் முதல் வீட்டையே வாங்க முடியாமல் சம்பளத்தில் பாதியை வாடகையாகக் கொடுப்பவர் நம் மகனாக இருக்கும்போது மாத்திரம் அது நமக்கு வலிக்கிறது.

இனி ஸகாத். நிஸாபைத் தாண்டி ஓராண்டு கிடக்கும் காசில் இரண்டரை வீதம் கொடுக்க வேண்டும். இருபதாயிரத்துக்கு ஐந்நூறு பவுண். வட்டிக்குப் பயந்து காசைப் பூட்டி வைப்பவரையும் மார்க்கம் சும்மா விடவில்லை. காசு சும்மா கிடக்கக் கூடாது, அதேவேளை பிறர் தலையில் நட்டத்தைக் கட்டிவிட்டுப் பெருகவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடத்தைத் தேடும்போதுதான் நாம் ஏறக்குறைய மறந்துவிட்ட ஒன்று நினைவுக்கு வருகிறது: அழகிய கடன்.

இங்கிலாந்தில் பல்கலைக்கழகக் கட்டணம் ஆண்டுக்கு 9,500 பவுணுக்கு மேல். அரசு கடன் தரும்; அதற்கு வட்டி உண்டு. 2013இல் லண்டனில் நடந்த உலக இஸ்லாமியப் பொருளாதார மன்றத்தில் பிரதமர் டேவிட் கமரூன், முஸ்லிம் மாணவர்களுக்கு வட்டியில்லாத மாற்றுத் திட்டம் கொண்டுவரப் போவதாகச் சொன்னார். அதற்கான சட்ட அதிகாரம் 2017இல் நிறைவேறியது. அந்த மேடையில் சொன்ன சுகூக் முறி 2014இலேயே வெளிவந்தது, ஆனால் மாணவருக்குச் சொன்னது பத்தாண்டுகள் கழிந்தும் வரவில்லை. இந்த இடைவெளியில் படிப்பை ஒத்திவைத்த பிள்ளைகள் இருக்கிறார்கள், படிக்காமலே விட்டவர்களும் இருக்கிறார்கள். இதில் ஒரு விசித்திரம் உண்டு. 2023இலிருந்து வழங்கப்படும் கடனில், படித்தவர் ஆண்டுக்கு 25,000 பவுணுக்கு மேல் உழைத்தால்தான் திருப்பிச் செலுத்த வேண்டும். நாற்பது ஆண்டுகளில் மிச்சம் தள்ளுபடியாகிவிடும். அதாவது, பெயரில் வட்டியுள்ள இந்தக் கடனில் கொடுத்தவர் நட்டத்தில் பெரும் பங்கைத் தாங்குகிறார். பெயரில் வட்டியில்லாத நம் வைப்பில் கொடுத்தவர் எதையும் தாங்குவதில்லை. இதனால் அந்தக் கடன் கூடும் என்று நான் பத்வா சொல்லவில்லை. இங்குள்ள உலமாக்களே அதில் இரண்டாகப் பிரிந்திருக்கிறார்கள். ஆனால் மருமகள் அந்தக் கடனுக்குப் பயந்து வீட்டில் இருக்க, மாமாவின் முப்பதாயிரம் எதிர்பார்க்கப்படும் இலாப வீதத்தில் அமைதியாக இருப்பதை எந்தச் சல்லடையும் தடுக்காது.

நான் நன்கறிந்த ஒரு குடும்பத்தில் இதைப் பேசித் தீர்க்க முனைந்தார்கள். பிள்ளைக்கு மருந்தாளர் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது, நான்கு ஆண்டு. வாப்பாவும் இரண்டு சாச்சாமாரும் ஒரு மாமாவும் கூடி, ஆளுக்கொரு பகுதி அழகிய கடனாகக் கொடுப்பதென்று முடிவு செய்தார்கள். எழுதி, இரண்டு சாட்சிகளோடு. வேலை கிடைத்து ஆறு மாதத்தின் பின்னர் மாதம் இருநூறு பவுண் வீதம் திருப்புவது. எல்லாம் சுமுகமாகப் போய், ஒரு வரியில் வந்து நின்றது. "வேல கெடைக்காட்டி?" என்று மாமா கேட்டார். அண்ணன் பிணை நிற்கட்டும் என்றார் ஒரு சாச்சா. பிணை வைத்தால் பிள்ளை பயந்து பயந்து படிக்கும் என்றார் வாப்பா. மூத்த சாச்சா, வேலை கிடைக்கும் வரை ஒருவரும் கேட்பதில்லை என்று எழுதுங்கள், கிடைக்காவிட்டால் மையித்துக்குப் பிறகு என் பங்கைக் கேட்க வேண்டாமென்று என் பிள்ளைகளுக்கு நான் சொல்லி வைக்கிறேன் என்றார். அந்தப் பிள்ளை கதவுக்கு அப்பால் தேநீர்த் தட்டோடு நின்றிருந்தாள்.

மாமா உடனே பதில் சொல்லவில்லை. அடுத்த ஜும்ஆ வரை அவகாசம் கேட்டார். அவருடைய வைப்பு முதிர இன்னும் ஏழு மாதம் இருந்தது. முன்கூட்டியே எடுக்க முடியுமா, எடுத்தால் இலாபத்தில் எவ்வளவு குறையும் என்று வங்கியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.